கட்டைத்தீவுக் கருவாடு

ஜோஸ்பினுக்கு ஒரு குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் முதலில் நம்ப மாட்டாள். "குழம்புல உப்பு சரியா இருக்குடி" என்று அம்மா சொன்னால்கூட, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்த பிறகுதான் தட்டை இழுப்பாள். "நாளைக்கு லீவு!" என்று யாராவது கத்தினால் வகுப்பே குதிக்கும். இவள் மட்டும் எழுந்துபோய் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்து, அப்புறம் தனியாகக் குதிப்பாள்.

அதனால் கரிக்கலாம்பாக்கத்தில் அவளுக்கு 'சி.ஐ.டி. ஜோஸ்பின்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் பக்கத்து வீட்டுக் கலைவேந்தன். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. சோதித்துப் பார்க்காமல் ஜோஸ்பின் நம்புகிற ஒரே ஆள் அவன்தான்.

புரட்டாசி மாதத்தில் அந்த நம்பிக்கைக்கே ஆபத்து வந்தது.

புரட்டாசி வந்தால் ஊரில் பாதி வீடுகளில் அசைவம் கிடையாது. கலைவேந்தன் வீட்டிலும் அப்படித்தான். வாங்க ஆள் குறைவதால் நல்லவாட்டுக் கடற்கரையில் மீன் மலிவாகக் கிடைக்கும். ஜோஸ்பினின் அம்மா சகாயராணி இந்த வாய்ப்பை விடுவாரா? அன்னக்கூடை நிறைய நெத்திலி வாங்கி வந்து, கழுவி, கல்லுப்பு போட்டுப் பிசறி, மொட்டை மாடியில் காயப் போட்டுவிடுவார். சனிக்கிழமை முழுக்க அதற்குக் காவல் ஜோஸ்பின்.

காவலுக்குச் சம்பளமும் உண்டு. அம்மாவின் போன்.

அதில் 'கட்டைத்தீவு' என்று ஒரு விளையாட்டு இருந்தது. யாருமில்லாத ஒரு தீவில் உங்களை இறக்கி விட்டுவிடுவார்கள். இதைச் செய், அதைச் செய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரம் வெட்டலாம், மண் தோண்டலாம், மீன் பிடிக்கலாம். பட்டறையில் இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்துவைத்தால் புதுப்பொருள் ஒன்று கிடைக்கும். கட்டையும் கல்லும் சேர்ந்தால் கோடாரி. மண்ணும் நெருப்பும் சேர்ந்தால் செங்கல். பொழுது சாய்ந்தால் இருட்டுப் பூதங்கள் வந்து வீட்டை இடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை விளையாட்டைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது.

'கட்டைத்தீவில் இன்னும் என்னென்ன செய்யலாம்? நீங்கள் சொல்லுங்கள். நல்ல செய்முறையை விளையாட்டில் சேர்ப்போம். சொன்னவர் பெயரையும் போடுவோம். ஞாயிறு மாலை வரை நேரம்.'

ஜோஸ்பின் அதை இரண்டு முறை படித்தாள். பொய்யாக இருக்குமோ என்று மூன்றாம் முறையும் படித்தாள்.

பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் கலைவேந்தன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது.

"இன்னாடா பண்ற?"

"கருவாட்ட மோந்து பாக்கறேன்."

"புரட்டாசிடா!"

"வாய்க்குத்தான் விரதம். மூக்குக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

ஜோஸ்பின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காயும் நெத்திலியைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து நின்றாள்.

"டேய்! கட்டைத்தீவுல மீன் புடிச்சா இன்னா ஆவுது?"

"கொஞ்ச நேரத்துல அழுவிப் போயிடுது."

"இனிமே அழுவாது! மீன், கல்லுப்பு, வெயில் படுற எடம். மூணும் சேந்தா கருவாடு!"

கலைவேந்தன் வாயைப் பிளந்தான். "செமடி! ஆனா காக்கா வருமே?"

"வரட்டும். மேல வலை போட்டாதான் தப்பும். மழை வந்தா புழு வெச்சிடும். அப்போ பாத்துப் பாத்துதான் காயவெக்கணும். அதுதானே விளையாட்டு?"

"உன் பேரப் போடுவாங்கடி! பாண்டிச்சேரி பூரா பாக்கும்!"

ஜோஸ்பினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுவரை அவள் பெயர் ஹாஜர் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் வந்ததில்லை. "யாராண்டயும் சொல்லாத" என்றாள். "சொல்ல மாட்டேன்" என்றான் அவன். சத்தியம்கூட அவள் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போன பிறகு மதில்மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பூனை. ஜோஸ்பின் துடைப்பத்தை எடுத்து மூன்றையும் விரட்டினாள். விரட்டும்போதே யோசனையின் மறுபாதியும் வந்துவிட்டது. வாசலில் கருவாடு கட்டினால் வாசனைக்குப் பூனை வரும். பூனை இருக்கிற வீட்டுக்கு இருட்டுப் பூதம் வராது!

எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். 'அனுப்பு' என்பதைத் தொட்டாள். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று திரை கறுத்துவிட்டது. சார்ஜ் இல்லை.

"போச்சுடா" என்றாள் ஜோஸ்பின். நாளைக்கு மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும், தலையில் வைத்த பூவைக்கூட எடுக்காமல் போனைத் திறந்தாள். மற்றவர்கள் அனுப்பிய யோசனைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நிறைய இதயக்குறிகளோடு ஒன்று இருந்தது.

'கருவாடு செய்யலாம்! மீன், கல்லுப்பு, வெயில் படும் இடம்...'

அதன் தலைக்குமேல் ஒரு பெயர்: மணவாளன்.

ஜோஸ்பினால் அதற்குமேல் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது என்று அப்புறம்தான் அவளுக்கே புரிந்தது. போனைக் கட்டில்மேல் வீசினாள்.

யார் இந்த மணவாளன்? தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. பள்ளியிலும் இல்லை. அவள் யோசனையைச் சொன்னது ஒரே ஒருவனிடம்.

'இல்ல, அவன் சொல்லியிருக்க மாட்டான்' என்று நினைத்தாள்.

'சொல்லாம எப்படி அந்த மணவாளனுக்குத் தெரியும்?' என்றும் நினைத்தாள்.

சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

அப்போது பின்கட்டில் குசுகுசுவென்று சத்தம் கேட்டது. ஜோஸ்பின் சத்தம் வராமல் பூனைபோல் நடந்தாள். கதவிடுக்கில் பார்த்தாள். அம்மாவும் கலைவேந்தனும்!

"யாரும் பாக்கறதுக்குள்ள போயிடு" என்றார் அம்மா. "முக்கியமா ஜோஸ்பினுக்குத் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

கலைவேந்தன் தலையை ஆட்டினான். கொய்யா இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றான். வேலி ஓரமாகக் குனிந்து குனிந்து ஓடினான்.

ஜோஸ்பின் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, கலைவேந்தன் எதுக்கு வந்தான்?"

சகாயராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு? ஓ, அவனா? தீப்பெட்டி கேட்டான்."

"அவங்க வூட்ல லைட்டர் இருக்குதே?"

"அது வேல செய்யலையாம்."

"நம்ம தீப்பெட்டி இங்கயே இருக்குதே?"

"ஏன்டி, நான் இன்னா கோர்ட்லயா நிக்கறேன்? போய்த் துணிய மடிச்சு வை!"

துணியை மடிக்கப் போனாள். மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்தாள். யோசனையை அவள் எழுதியது அம்மாவின் போனில்தான். அம்மாவும் கூட்டா? கூட்டு இல்லையென்றால் எதற்குப் பொய்?

மத்தியானம் மனைப் பிரிவுப் பக்கம் போனாள். போன வருஷம்வரை நெல் விளைந்த இடம் அது. இப்போது வரிசையாக மனைக்கல் நட்டிருந்தார்கள். வீடு கட்ட ஆள் வரும்வரை பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். கலைவேந்தன் ஒரு கல்லின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வாய ஏன் பொத்திக்கினு இருக்க?"

"ப... பல்லு வலி."

"மணவாளன் யாரு?"

"எந்த மணவாளன்?"

"நடிக்காத. என் கருவாட்ட..."

கலைவேந்தன் கல்லிலிருந்து துள்ளி எழுந்தான். "கருவாடா? எனக்கு ஒண்ணும் தெரியாது! நான் கருவாட்டக் கண்ணால பாத்ததே இல்ல!"

"நேத்து மாடில என்கூடத்தானே பாத்த?"

அவன் முகம் வெளுத்தது. காது மட்டும் சிவந்தது.

"நீ எதையோ மறைக்கிற. மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு" என்றாள் ஜோஸ்பின். "என் யோசனைய யாருக்கோ வித்துட்ட. அது இப்போ மணவாளன்ற பேர்ல வந்திருக்கு."

"யோசனையா? ஐயோ, அத நான் யார்கிட்டயும் சொல்லலடி!"

"அப்போ வேற எத மறைக்கிற?"

அவன் தரையைப் பார்த்தான்.

"டூ" என்றாள் ஜோஸ்பின். "ஆயுசுக்கும் டூ."

விறுவிறுவென்று நடந்தாள். "ஜோஸ்பின்!" என்று பின்னால் கூப்பிட்ட குரல் உடைந்திருந்தது. அவள் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தாள். விளையாட்டு நடத்துகிறவர்களிடம் புகார் சொல்லிவிட வேண்டியதுதான்! ஆனால் புகார் எழுத வேண்டுமானால், திருட்டுப்போனது என்னவென்று முழுதாகத் தெரிய வேண்டும். சி.ஐ.டி. அரைகுறையாக எழுதக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மணவாளனின் யோசனையை முதல் வரியிலிருந்து படித்தாள்.

மீன், உப்பு, வெயில். சரி. காக்காவுக்கு வலை. சரி. மழை வந்தால் புழு. சரி.

'காய்ந்த கருவாட்டை வாசலில் கட்டினால் பூனைகள் வரும். பூனை இருக்கிற வீட்டுக்கு இருட்டுப் பூதம் வராது. பூனைகளுக்குக் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பூனை தலைவராக இருக்க வேண்டும்.'

ஜோஸ்பினின் விரல் அப்படியே நின்றது.

பூனை வந்தது கலைவேந்தன் போன பிறகு. பூனையைப் பற்றி அவள் அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லாததை அவன் எப்படித் திருட முடியும்?

மணவாளன் யாரோ எவரோ. கலைவேந்தன் இல்லை. இது மட்டும் நிச்சயம்.

ஆயுசுக்கும் டூ என்று சொன்னது நினைவுக்கு வந்தது. திருடன் அகப்படவில்லை, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது வேறு என்று ஜோஸ்பினுக்குத் தெரிந்தது. போனைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

கொல்லையில் கலைவேந்தன் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டுக் கன்றுக்குட்டியிடம் சொன்னான்:

"இங்க யாரோ வந்திருக்காங்க பாரு. டூ வுட்டவங்ககூட நாம பேச மாட்டோம்னு சொல்லு."

ஜோஸ்பினும் கன்றுக்குட்டியின் பக்கத்தில் குந்தினாள். "தப்பு எம்மேலதான்னு அவன்கிட்ட சொல்லு. பூனை கதைய அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல. மணவாளன் போட்டதுல பூனையும் இருக்கு. அதனால இவன் திருடல. கேக்காம கொள்ளாம திட்டிட்டேன். மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லு."

கன்றுக்குட்டி இருவரையும் பார்த்துவிட்டுத் தும்மியது.

கலைவேந்தன் நாலாபக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நான் மறைச்சது நெசந்தான். ஆனா அது வேற."

"இன்னாது?"

"சிரிக்கக் கூடாது. சொல்லவும் கூடாது."

"மாட்டேன்."

"நேத்துலேர்ந்து மோந்து மோந்து... தாங்கலடி. காலைல உங்கம்மாகிட்ட கேட்டேன். போன வாரத்துக் கருவாட்டுல கொஞ்சம் வறுத்துக் குடுத்தாங்க. பழைய சோத்துக்குத் தொட்டுக்கினு தின்னுட்டேன். புரட்டாசில! எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாங்க. வாசன போவறதுக்குக் கொய்யா எலைய மென்னு மென்னு நாக்கே துவர்த்துப் போச்சு."

"அப்போ தீப்பெட்டி?"

"எந்தத் தீப்பெட்டி?"

ஜோஸ்பின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருந்தும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்தது. டூ அத்தோடு முடிந்தது.

"சரி, அந்த மணவாளன என்ன செய்யலாம்?" என்றான் கலைவேந்தன்.

"நேராவே கேக்கலாம்."

கலைவேந்தன் உள்ளே போய் அவன் அப்பாவின் போனை எடுத்து வந்தான். மணவாளனின் யோசனைக்குக் கீழே பதில் எழுதினான்: 'யார் நீ? இது ஜோஸ்பின் யோசித்தது. உண்மையைச் சொல்.' அனுப்பினான்.

'டிங்!'

சத்தம் ஜோஸ்பினின் பாவாடைப் பையிலிருந்து வந்தது.

எடுத்துப் பார்த்தாள். 'உங்கள் யோசனைக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்' என்றது அம்மாவின் போன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு அனுப்பு" என்றாள் ஜோஸ்பின்.

'திருட்டுப் பயலே!' என்று அனுப்பினான்.

'டிங்!'

"எனக்குத்தான்டா வருது!"

"அப்போ மணவாளன் நீதானா?"

இருவரும் சகாயராணியிடம் ஓடினார்கள். கலைவேந்தனைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"தீப்பெட்டி கதை தெரிஞ்சுபோச்சு, வுடும்மா" என்றாள் ஜோஸ்பின். "இந்த போன்ல மணவாளன்னு பேரு யார் போட்டது?"

சகாயராணி யோசித்தார். "வில்லியனூர்க் கடைல வாங்குனோமே, அந்தத் தம்பி பேரு மணவாளன்தான். அதுதான் எல்லாத்தையும் போட்டுக் குடுத்துச்சி. ‘இன்னா பேருக்கா போடறது'ன்னு கேட்டுச்சி. பஸ்ஸு வந்துக்கினு இருந்துச்சா, ‘ஏதோ ஒண்ணு போடுப்பா'ன்னேன். தம்பி அது பேரையே போட்டுட்டிருக்கும்போல."

நேற்றுத் திரை கறுப்பதற்குள் யோசனை போய்ச் சேர்ந்திருக்கிறது! காலையிலிருந்து ஜோஸ்பின் தேடிய திருடன் ஜோஸ்பினேதான்.

ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. பெயர் மணவாளன் என்றால், விளையாட்டிலும் 'மணவாளன் கருவாடு' என்றுதானே வரும்? ஜோஸ்பின் அவசரமாக எழுதினாள்: 'நான் மணவாளன் இல்லை. என் பெயர் ஜோஸ்பின். அது கடைக்கார அண்ணன் பெயர்.'

பொழுது சாய்கிற நேரத்தில் விளையாட்டு நடத்துகிறவர்களின் பதில் வந்தது.

'பெயர் மணவாளன் என்று இருக்கிறது. நீங்கள் ஜோஸ்பின் என்கிறீர்கள். மணவாளனின் போனை எடுத்து வேறு யாரோ எழுதுவதுபோல் எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. இது உங்கள் யோசனைதான் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா?'

ஜோஸ்பினுக்கு முகம் சுருங்கிப்போனது. சந்தேகப்படுவது எப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகத்துக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

"நான் இருக்கேனே" என்றான் கலைவேந்தன். அப்பாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான். ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள்.

'நான் சாட்சி. சனிக்கிழமை மாடியில் கூடவே இருந்தேன். மீன், உப்பு, வெயில் என்று ஜோஸ்பின் சொன்னதைக் காதால் கேட்டேன். அந்தக் கருவாட்டை மோந்து பார்த்து ஆசை தாங்காமல், புரட்டாசி என்றும் பாராமல், இன்று காலை பழைய சோற்றோடு தின்றும்விட்டேன். வீட்டில் தெரிந்தால் என் கதை முடிந்தது. இவ்வளவு பெரிய உண்மையைச் சொல்கிறவன் சின்னப் பொய் சொல்ல மாட்டான்.'

"டேய், வேணாம்டா! நீ தின்னத ஏன் எழுதற?"

"சும்மா சாட்சின்னா யாரு நம்புவா? முழுசா சொன்னாதான் நம்புவாங்க."

"உங்கம்மா?"

"எங்கம்மா இந்த விளையாட்டெல்லாம் ஆட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே 'அனுப்பு' என்பதைத் தொட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் வில்லியனூரிலிருந்து யாரோ ஒரு பிள்ளை எழுதியது: 'எங்க அம்மா போன்லயும் மணவாளன்தான். அந்த அண்ணன் எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாரு.' அரியாங்குப்பத்திலிருந்தும் ஒரு மணவாளன் 'ஆமாம்' என்றான்.

கடைசியில் பதில் வந்தது.

'ஜோஸ்பின், நம்புகிறோம். கருவாடு உங்கள் பெயரில்தான் வரும். சாமிநாதன் ஐயா, உங்கள் சாட்சிக்கு நன்றி. வீட்டில் ஜாக்கிரதையாக இருங்கள்.'

ஜோஸ்பின் துள்ளிக் குதித்தாள். கலைவேந்தன் குதிக்கவில்லை.

"சாமிநாதன் ஐயாவா?" என்றான்.

அப்போதுதான் பார்த்தார்கள். அவன் எழுதிய சாட்சிக்குமேல் 'சாமிநாதன்' என்று இருந்தது. அது அவன் அப்பாவின் போன். அப்பாவின் பெயர்.

பாகூரில் கலைவேந்தனின் பெரியப்பா மகன் நவீன்குமார் இருக்கிறான். அவனும் கட்டைத்தீவு ஆடுகிறவன். அவன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான். பெரியம்மா உடனே போனை எடுத்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போதே கலைவேந்தன் வீட்டில் சத்தம் கேட்டது. அவன் அம்மா செல்வகுமாரி இடுப்பில் கைவைத்து நின்றார். கழனியிலிருந்து அப்போதுதான் வந்த சாமிநாதன், காலில் சேறோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறங்க. ஊதுங்க."

"செல்வி, சத்தியமா நான் கருவாடு திங்கல."

"ஒலகத்துக்கே எழுதிப் போட்டுட்டு, எங்கிட்ட மட்டும் இல்லன்றீங்களா? பழைய சோத்துக்குத் தொட்டுக்கினீங்களாமே! எங்க அக்கா சிரிக்கிறா!"

"நான் எங்க எழுதுனேன்? எனக்கு அதுல போன் பேசறத தவிர ஒண்ணும் தெரியாதே!"

மதிலுக்குப் பின்னால் ஜோஸ்பினும் கலைவேந்தனும் நின்றார்கள். பேசாமல் இருந்தால் கலைவேந்தன் தப்பித்துவிடலாம். அப்பாமேல் உள்ள சந்தேகம் அப்பாமேலேயே இருந்துவிடும்.

ஜோஸ்பின் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

"அம்மா, அப்பா இல்ல. நான்தான் தின்னேன். நான்தான் எழுதுனேன்."

ஜோஸ்பினும் பின்னாலேயே ஓடினாள். "எனக்காகத்தான் ஆன்ட்டி எழுதுனான். அவன் எழுதலன்னா என்னை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க."

செல்வகுமாரி மகனைப் பார்த்தார். ஜோஸ்பினைப் பார்த்தார். பிறகு, இவ்வளவு நேரமும் ஊது ஊது என்று மிரட்டிய கணவரைப் பார்த்தார். சாமிநாதன் பாவமாகக் கன்னத்தை உப்பி, ஊதுவதற்குத் தயாராக நின்றிருந்தார்.

செல்வகுமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒருவழியாக முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த சனிக்கெழம கோயிலுக்குப் போயிப் பெருமாள்கிட்ட நீயே சொல்லிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை கலைவேந்தன் போனான். ஜோஸ்பின் வாசலில் அவன் செருப்புக்குக் காவல் இருந்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள், அவன் வந்ததும்.

"ஒண்ணும் சொல்லல. ஆனா கோவமா இருக்கற மாதிரியும் தெரில" என்றான். கையிலிருந்த சுண்டலில் பாதியை அவளுக்குக் கொடுத்தான்.

ஐப்பசி பிறந்தது. கட்டைத்தீவில் புதிய செய்முறை வந்தது. மீன், கல்லுப்பு, வெயில். மூன்றையும் சேர்த்தால் 'ஜோஸ்பின் கருவாடு'. அதன் கீழே சின்ன எழுத்தில் 'சாட்சி: சாமிநாதன்' என்றும் போட்டிருந்தார்கள். சாமிநாதன் தன் போனை டீக்கடையில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் காட்டினார். எதற்குச் சாட்சி என்று கேட்டவர்களிடம் மட்டும் பேச்சை மாற்றினார்.

அன்றைக்குச் செல்வகுமாரி வீட்டில் கருவாட்டுக் குழம்பு. சகாயராணி கொடுத்தனுப்பிய நெத்திலியைத் தனியாகவும் வறுத்திருந்தார். ஜோஸ்பினுக்கும் இலை போட்டிருந்தார்கள்.

ஜோஸ்பின் கை கழுவப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் இலையில் வறுத்த நெத்திலி பாதிதான் இருந்தது. ஜன்னல்மேல் ஒரு பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இலையில் கலைவேந்தன் வாயை இறுக்க மூடி, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஜோஸ்பின் பூனையைப் பார்த்தாள். கலைவேந்தனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, மீதியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.